டிஜேவுக்கு லேப்டாப்: புதுசா? பழசா?

தருமபுரி மாவட்டத்தில் கல்யாணம் என்றால் முன்பெல்லாம் மண்டபம், சமையல்காரர், மேளம், மைக்செட் என்று நாலு இடத்தில் அட்வான்ஸ் கொடுத்தால் வேலை முடிந்தது. இப்போது ஐந்தாவதாக ஒரு அட்வான்ஸ் சேர்ந்திருக்கிறது. டிஜே! மாப்பிள்ளையின் நண்பர்கள் பேனருக்குப் போட்டோ தேடுவதற்கு முன்னாலேயே டிஜேவுக்குப் போன் போட்டுவிடுகிறார்கள். ரிசப்ஷன் மட்டுமில்லை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், காலேஜ் கல்ச்சுரல்ஸ், கோயில் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் டிஜே வேண்டும் என்றாகிவிட்டது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களில் நிறைய பேர் இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள். காலேஜ் படித்துக்கொண்டே செய்கிறவர்களும் உண்டு, படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் இடைவெளியில் செய்கிறவர்களும் உண்டு. ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், லைட் எல்லாம் ஊரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் அண்ணனிடம் வாடகைக்குக் கிடைத்துவிடும். கையில் சொந்தமாக இருக்க வேண்டியவை ரெண்டே ரெண்டு. ஒன்று கன்ட்ரோலர், இன்னொன்று லேப்டாப். இந்த ரெண்டாவது விஷயத்தில்தான் பல பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

யாரிடம் யோசனை கேட்டாலும் வரும் பதில் இதுதான்: "கேமிங் லேப்டாப்பா எடுத்துடு மச்சி. ஐ7 இருக்கணும், கிராபிக்ஸ் கார்டு இருக்கணும். இஎம்ஐ போட்டுக்கலாம், ரெண்டு ப்ரோகிராம்ல கட்டிடலாம்." கீபோர்டில் கலர் கலராக லைட் எரிந்தால் மேடையில் பார்க்கக் கெத்தாகத்தான் இருக்கும், மறுப்பதற்கில்லை :-) ஆனால் அந்தக் கெத்துக்கு மாசாமாசம் யார் காசு கட்டுவது?

புதிதாகத் தொழிலில் இறங்கும் மொபைல் டிஜே, கடன் வாங்கிப் புது லேப்டாப் வாங்க வேண்டியதில்லை. கம்பெனிகள் மூணு நாலு வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் பிசினஸ் ரக லேப்டாப்பில் ஒன்றைப் பார்த்து வாங்கி, அதில் மிச்சமாகும் பணத்தை பேட்டரிக்கும் மாற்று ஏற்பாட்டுக்கும் போடுவதே புத்திசாலித்தனம். ஏன் என்று வரிசையாகப் பார்ப்போம். 

டிஜே லேப்டாப் செய்யும் வேலை என்ன?

முதலில் இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். டிஜே சாஃப்ட்வேர் பெரிய வேலைக்காரன் இல்லை. வீடியோ எடிட்டிங் மாதிரியோ, கேம் மாதிரியோ அது மெஷினைப் பிழிந்து எடுப்பதில்லை. அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், நேரம் தவறாமை.

ஒரு செகண்ட் பாட்டு என்பது கம்ப்யூட்டருக்கு 44,100 துண்டுகள். லேப்டாப் இவற்றை ஒவ்வொன்றாகக் கொடுப்பதில்லை, கட்டுக் கட்டாகக் கொடுக்கிறது. இந்தக் கட்டுக்குப் பெயர்தான் பஃபர். 512 என்று செட் செய்தால் ஒரு கட்டு 11.6 மில்லி செகண்ட் ஓடும். அது ஓடி முடிவதற்குள் அடுத்த கட்டு தயாராக நிற்க வேண்டும். பந்தியில் இலையில் சோறு தீர்வதற்குள் அடுத்த வாளி வந்து நிற்பது மாதிரி. வாளி ஒரு நிமிஷம் தாமதமானால் சாப்பிடுகிறவர் கை காய்கிறது. இங்கே பஃபர் தாமதமானால் ஸ்பீக்கரில் 'டப்', 'கிர்ர்' என்று சத்தம் வரும். ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பி டிஜேவைப் பார்ப்பார்கள்.

இந்தத் தாமதம் வேகம் குறைந்த பிராசசரால் மட்டும் வருவதில்லை. வைஃபை டிரைவர் இடையில் குறுக்கிடுவது, பின்னணியில் அப்டேட் இறங்குவது, கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்று விண்டோஸ் யு.எஸ்.பி. போர்ட்டைத் தூங்க வைப்பது, சூடு ஏறி மெஷின் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்வது, இப்படிப் பல காரணம் உண்டு. லட்ச ரூபாய் மெஷினிலும் இவை வரும். இருபத்தைந்தாயிரம் ரூபாய் மெஷினில் இவற்றைச் சரியாக நிறுத்தி வைத்தால் இரவு முழுக்க ஒரு பிசிறு இல்லாமல் ஓடும்.

பாட்டு வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்பதும் சின்னக் கணக்குதான். நல்ல தரமான 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஐந்து நிமிஷப் பாட்டு 12 எம்பி. பத்தாயிரம் பாட்டு வைத்தாலும் 120 ஜிபி. எம்.எஸ்.வி. முதல் அனிருத் வரை அதில் அடங்கிவிடும்! 512 ஜிபி எஸ்.எஸ்.டி. தாராளம். 8 ஜிபி ரேம் இருந்தே ஆக வேண்டும், 16 இருந்தால் நிம்மதி.

காமர்ஸ் கணக்கு

பி.காம். படிக்கிறவர்களுக்குத் தேய்மானம் என்ற பாடம் தெரிந்திருக்கும். வருமான வரி விதிகளில் கம்ப்யூட்டருக்கு நெடுங்காலமாக 40 சதவீதம் தேய்மானம் வைத்திருக்கிறார்கள். குறைந்து செல் முறையில் போட்டுப் பாருங்கள். 75,000 ரூபாய்க்கு வாங்கிய லேப்டாப் முதல் வருஷ முடிவில் 45,000. இரண்டாம் வருஷம் 27,000. மூன்றாம் வருஷம் 16,200. ஏட்டுக் கணக்குதான் என்றாலும், சந்தையில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

அதாவது லேப்டாப்பின் விலையில் பெரும்பகுதி முதல் மூணு வருஷத்திலேயே ஆவியாகிவிடுகிறது. ஆனால் அதன் உழைப்பு அப்படி ஆவியாவதில்லை. நன்றாகக் கட்டப்பட்ட ஒரு மெஷின் நாலாவது வருஷத்திலும் முதல் வருஷம் மாதிரியே பாட்டைப் போடும். முதல் ஆள் தேய்மானத்தைச் சுமக்கிறார், ரெண்டாவது ஆள் உழைப்பை வாங்கிக்கொள்கிறார். டிஜே பையன் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது தெளிவுதானே?

ஒரு பேச்சுக்கு, வருஷத்துக்கு 40 ப்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். புது லேப்டாப் 75,000. இரண்டு வருஷம் கழித்து அதன் மதிப்பு 27,000. தேய்ந்தது 48,000. அதை 80 ப்ரோகிராமால் வகுத்தால் ஒவ்வொரு இரவுக்கும் 600 ரூபாய். அதே இடத்தில் 25,000 ரூபாய்க்குப் பழசு வாங்கி, 3,000 ரூபாய்க்கு பேட்டரி மாற்றினால் 28,000. இரண்டு வருஷம் கழித்து 10,080. தேய்ந்தது 17,920. ஒரு இரவுக்கு 224 ரூபாய். ஒவ்வொரு ப்ரோகிராமிலும் 376 ரூபாய் வித்தியாசம். கேட்பவர்களுக்குப் பாட்டு ஒன்றுதான்.

இதில் இஎம்ஐ இன்னும் சேர்க்கவில்லை. 75,000 ரூபாயை வட்டியே இல்லாமல் 12 மாசத்துக்குப் பிரித்தாலும் மாசம் 6,250. கல்யாண சீசனில் கட்டிவிடலாம். ஆடியில் கல்யாணம் கிடையாது, அம்மன் கோயில் திருவிழாவை நம்பித்தான் ஓட்ட வேண்டும். மார்கழியில் அதுவும் குறைச்சல். வருமானத்துக்குத்தான் சீசன் உண்டு, இஎம்ஐக்கு ஆடியும் கிடையாது, மார்கழியும் கிடையாது. அஞ்சாம் தேதி ஆனால் அக்கவுண்டில் கை வைத்துவிடும்.

'வட்டியில்லா இஎம்ஐ' என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று உண்மையில் இல்லை, அது வேறு பெயரில் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பிராசசிங் கட்டணம் என்றோ, ரொக்கமாக வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடி கிடைக்காமல் போவது என்றோ அது எங்கேயாவது ஒளிந்திருக்கும்.

போதாக்குறைக்கு 2025 கடைசியில் இருந்து உலகம் முழுக்க மெமரி சிப் விலை ஏற ஆரம்பித்தது. ஏஐ கம்பெனிகளின் டேட்டா சென்டர்களுக்கே சிப் போதவில்லை. அந்த ஏற்றம் ரேம், எஸ்.எஸ்.டி. வழியாக லேப்டாப் விலையிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. ஏற்கெனவே ரேமும் எஸ்.எஸ்.டி.யும் போட்டு வரும் பழைய மெஷினுக்கு இதனால் மவுசு கூடத்தான் செய்கிறது.

பெங்களூரு பக்கத்தில் இருப்பதன் லாபம்

தருமபுரியில் இருந்து பெங்களூரு சுமார் 130 கிலோமீட்டர். மாவட்டத்துப் பையன்கள் வேலை தேடி பஸ் ஏறும் ஊர் அது. அங்கே இருக்கும் ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் லேப்டாப்களை மூணு நாலு வருஷத்தில் மொத்தமாக மாற்றிவிடும். மாற்றியவை ரீஃபர்பிஷ்டு கடைகளுக்கு வருகின்றன. பெங்களூரின் எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பேர்போன இடம். சென்னைக்குப் போகிறவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது.

கம்பெனி லேப்டாப்பில் என்ன விசேஷம்? லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட், எச்.பி.யின் எலைட்புக் போன்றவை வீட்டு உபயோகத்துக்கு வரும் மலிவு மாடல்களில் இருந்து வேறுபட்டவை. கீல் உறுதியாக இருக்கும். பின்பக்க மூடியைக் கழற்றினால் பேட்டரி, ஃபேன், எஸ்.எஸ்.டி. எல்லாவற்றுக்கும் கை எட்டும். பல மாடல்களில் ரேமையும் மாற்றலாம். ஆயிரக்கணக்கில் விற்ற மாடல் என்பதால் உதிரிபாகமும் சுலபமாகக் கிடைக்கும். தேவையான யு.எஸ்.பி. போர்ட்டும் இருக்கும். மெலிசான புது லேப்டாப் சிலவற்றில் டைப்-சி மட்டும் வைத்துவிட்டு மற்றதை எல்லாம் எடுத்துவிட்டார்கள். கன்ட்ரோலரை மலிவான ஹப் வழியாகச் சொருகுவது வம்பை விலைக்கு வாங்குவது.

எந்த வருஷத்து மாடல் என்பதில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் இன்டெலில் பொதுவாக 8-வது தலைமுறை பிராசசராவது வேண்டும், டிபிஎம் 2.0 சிப்பும் வேண்டும். அதனால் "ஐ7 தம்பி, வெறும் பன்னிரண்டாயிரம்" என்று கடைக்காரர் 4-வது தலைமுறை மெஷினை எடுத்து நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதான். 8-வது தலைமுறை ஐ5, 4-வது தலைமுறை ஐ7-ஐ விட எவ்வளவோ மேல்.

2018-ல் வந்த திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5 மூன்றும் 8-வது தலைமுறை. அதற்கும் கீழே இறங்க வேண்டாம். கையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் 10, 11-வது தலைமுறை மெஷினாகப் பார்ப்பது நல்லது, இன்னும் சில வருஷம் கூட வரும்.

ஹார்டு டிஸ்க்கும் ஜேனட் ஜாக்சனும்

எஸ்.எஸ்.டி. இல்லாத லேப்டாப்பை டிஜே வேலைக்குத் தொடவே கூடாது. இதற்கு ஒரு சுவாரசியமான கதை இருக்கிறது. மைக்ரோசாஃப்டில் நீண்ட காலமாக இருக்கும் ரேமண்ட் சென் என்ற எஞ்சினியர் 2022 ஆகஸ்டில் எழுதியது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒரு கம்பெனியின் லேப்டாப்பில் ஜேனட் ஜாக்சனின் 'ரிதம் நேஷன்' பாட்டைப் போட்டால் மெஷின் செத்துவிடுமாம். பக்கத்தில் சும்மா இருக்கும் இன்னொரு லேப்டாப்பும் சேர்ந்து சாகுமாம்! ஆராய்ந்து பார்த்தால், பாட்டில் வரும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண், உள்ளே சுற்றும் ஹார்டு டிஸ்க்கின் இயற்கை அதிர்வெண்ணோடு பொருந்திப் போய் அதை ஆட்டி வைத்திருக்கிறது. கடைசியில் அந்த அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டிவிட ஒரு ஃபில்டர் போட்டுத்தான் சமாளித்தார்களாம்.

லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கருக்கே இந்தக் கதி என்றால், ரெண்டு பதினெட்டு இஞ்ச் பேஸ் பாக்ஸுக்கு நடுவே, அதிரும் மேஜை மேல், சுற்றும் தகடு வைத்த ஹார்டு டிஸ்க் என்ன பாடுபடும்? எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் பாகமே கிடையாது.

இங்கே அரசின் இலவச லேப்டாப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2011 செப்டம்பர் 15-ம் தேதி தமிழக அரசு அந்தத் திட்டத்தை ஆரம்பித்தது. மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான். ஆரம்பத்தில் கொடுத்தவற்றில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். அந்தத் திட்டம் இடையில் நின்றது. பிறகு 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தார்கள்.

"சும்மா கிடைத்ததுதானே, அதையே டிஜேவுக்கு எடுத்துட்டா என்ன?" என்று கேட்கலாம். படிப்புக்கு என்று கொடுத்ததை ப்ரோகிராமுக்குத் தூக்கிக்கொண்டு போய், புகையிலும் தூசியிலும் வைத்துக் கெடுத்துவிட்டு, செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு நண்பன் ரூம் தேடி அலைவது நல்லதில்லை. அடுத்தவருக்குக் கொடுத்ததை விலைக்கு வாங்குவது அதைவிடத் தப்பு. ஆனால் வீட்டில் அக்காவோ அண்ணனோ வாங்கி, பரணில் தூங்கும் பழைய லேப்டாப் இருந்தால் அதில் ஒரு நல்ல உபயோகம் உண்டு. ரேமைக் கூட்டி, எஸ்.எஸ்.டி. மாற்றி, லினக்ஸ் போட்டு, அதில் மிக்ஸ் பண்ணப் பழகலாம். 2001-ல் ஆரம்பித்த 'மிக்ஸ்எக்ஸ்' என்ற சாஃப்ட்வேர் முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ், லினக்ஸிலும் ஓடும். பீட் மேட்சிங் என்றால் என்னவென்று கூடத் தெரியாமல் எழுபத்தைந்தாயிரத்துக்குக் கடன் வாங்குவதற்கு முன், இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா என்று காசில்லாமல் தெரிந்துகொள்ளும் வழி இது.

சாஃப்ட்வேர் விஷயத்தில் இன்னொன்று. கிராக் செய்த சாஃப்ட்வேர் வேண்டவே வேண்டாம். தப்பு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அதோடு என்னென்ன வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 மாதிரி கன்ட்ரோலர் வாங்கினால் ரெக்கார்ட்பாக்ஸும் செராட்டோ டிஜே லைட்டும் தனிக் காசு இல்லாமலே அதோடு வேலை செய்யும். அப்புறம் எதற்குத் திருட்டு?

கரண்ட், வெயில், புகை

விமர்சன வீடியோக்களில் லேப்டாப்பை ஏசி ரூமில் வைத்துச் சோதிக்கிறார்கள். பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில், தென்னங்கீற்றுப் பந்தலுக்குக் கீழே, ஜெனரேட்டர் கரண்டில் அது எப்படி ஓடும் என்று எந்த வீடியோவிலும் சொல்லமாட்டார்கள்.

பேட்டரிதான் இங்கே முதல் விஷயம். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆக அரை நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ ஆகும். ஆம்ப்ளிஃபயர் கரண்ட் வந்ததும் உடனே எழுந்துகொள்ளும். பேட்டரி செத்த லேப்டாப் மறுபடி பூட் ஆகி, சாஃப்ட்வேர் திறந்து, பாட்டு லோடு ஆவதற்குள் "தம்பி, என்னாச்சுப்பா?" என்று பெண்ணின் மாமா மேடைக்கே வந்துவிடுவார். டிஜேவுக்கு பேட்டரி என்பது யு.பி.எஸ். மாதிரி. பழைய லேப்டாப் வாங்கினால் பேட்டரி மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். டி480-ல் உள்ளே ஒரு பேட்டரி, வெளியே ஒரு பேட்டரி என்று ரெண்டு உண்டு. மெஷினை ஆஃப் செய்யாமலே வெளி பேட்டரியைக் கழற்றி வேறு போடலாம். நம்மூருக்காகவே செய்த மாதிரி இருக்கும்!

இரண்டாவது, 'ம்ம்ம்' என்ற இரைச்சல். சார்ஜர் போட்டால் ஸ்பீக்கரில் இரைச்சல், பிடுங்கினால் இரைச்சல் இல்லை என்றால் அது எர்த் பிரச்சினை. லேப்டாப்பும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகும்போது இப்படி வரும். ரெண்டையும் ஒரே பிளக் பாயின்டில் இருந்து எடுத்துப் பார்க்க வேண்டும், அல்லது ஆடியோ லைனில் ஐசொலேட்டர் போட வேண்டும். சிலர் சார்ஜரின் எர்த் பின்னையே உடைத்துவிடுகிறார்கள். இரைச்சல் நிற்கும், ஆனால் ஷாக் அடித்தால் ஆள் நிற்கமாட்டான். பேட்டரி நன்றாக இருந்தால் சார்ஜரே இல்லாமல் மூணு மணி நேரம் ஓட்டிவிடலாம், தொல்லையே இல்லை.

மூன்றாவது வெயில். லேப்டாப் கம்பெனிகள் பலவும் தங்கள் மெஷின் 35 டிகிரி வெப்பம் வரைக்கும்தான் என்று எழுதி வைத்திருக்கின்றன. சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் சாயங்காலம் என்ன வெப்பம் இருக்கும் என்பது ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேமிங் லேப்டாப் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறது. அதன் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து கக்கும் சூடே அதிகம். அது ஓய்வில்லாமல் காற்றை இழுக்கும்போது புகை மெஷினின் பிசுபிசுப்பும், பேப்பர் பிளாஸ்ட்டின் ஜிகினாவும், பந்தலின் மண்ணும் சேர்ந்து உள்ளே போய் உட்காரும். கம்மிக் கரண்டில் ஓடும் சாதாரண ஐ5-க்கு அவ்வளவு காற்று தேவையில்லை. எந்த மெஷினாக இருந்தாலும் சீசனுக்கு ஒரு தடவை ஃபேனைக் கழற்றித் துடைக்க வேண்டும். கழற்றுவதற்கு எளிதான லேப்டாப்பை வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

"மேக்புக் வாங்கினா என்ன?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். மேக்புக் நல்ல மெஷின், அதில் சந்தேகம் இல்லை. உலகம் முழுக்க டிஜேக்கள் அதை நம்புகிறார்கள். ஆடியோ விஷயத்தில் விண்டோஸ் அளவுக்கு டிரைவர் தொல்லை கிடையாது. 2020-ல் வந்த எம்1 ஏர் மாடலில் ஃபேனே இல்லை, தூசி இழுக்கும் பேச்சே இல்லை. ஆனால் அதன் ரேமையும் ஸ்டோரேஜையும் பிறகு கூட்ட முடியாது. ஒரு நாள் கீழே விழுந்தால் அரூரிலோ பாலக்கோட்டிலோ அதைத் திறந்து பார்க்க ஆள் தேட வேண்டும், பாகத்துக்கும் காசு அதிகம். நாளைக்கு ப்ரோகிராம் இருக்கும்போது இன்றைக்கே சரிசெய்ய முடிகிற மெஷின்தான் சின்ன ஊர் டிஜேவுக்கு ஏற்றது. பெரிய நகரத்தில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரலாம்.

புது, வேகமான மெஷின் வேண்டும் என்பதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. ஸ்டெம்ஸ்! ஓடிக்கொண்டிருக்கும் பாட்டில் இருந்து குரலை மட்டும் தனியாக, தாளத்தை மட்டும் தனியாகப் பிரிக்கும் வசதி. இது மெஷினை நன்றாகவே வேலை வாங்கும். வீடியோ மிக்சிங் செய்கிறவர்களுக்கும் கிராபிக்ஸ் கார்டு உதவும். இவை இரண்டும்தான் தன் அடையாளம் என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தவர் தாராளமாக வாங்கட்டும். அந்த அளவுக்கு வளர்ந்தவருக்குக் கடனும் தேவைப்படாது. புதிதாக வருகிறவர், ஸ்டெம்ஸ் வேண்டிய பாட்டுகளை வீட்டிலேயே முன்கூட்டிப் பிரித்துத் தயார் செய்துகொண்டு போகலாம்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

பழசு என்றால் பயம் இருப்பது நியாயம்தான். புதுசுக்கு ஒரு வருஷம் வாரன்டி, பழசுக்குக் கடைக்காரர் வாய்ச்சொல் :-( அதனால் கடையிலேயே சில விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும்.

1. பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அந்த வசதி உண்டு. புதிதில் எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று ரெண்டு எண் வரும். பாதிக்கும் கீழே இருந்தால் பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள்.

2. எஸ்.எஸ்.டி.யின் ஆரோக்கியத்தைக் காட்டும் இலவச சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. பென்டிரைவில் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள்.

3. பயாஸ் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று பாருங்கள். மெஷினை ரீசெட் செய்து இன்டர்நெட்டில் இணைக்கும்போது ஏதாவது கம்பெனி பெயர் வந்து லாகின் கேட்டால், அது இன்னும் அந்தக் கம்பெனியின் பிடியில் இருக்கிறது என்று அர்த்தம். வாங்காதீர்கள்.

4. சீரியல் நம்பர் எழுதிய பில் வாங்குங்கள். பில் இல்லாமல் மலிவாகக் கிடைப்பது எங்கிருந்து வந்ததோ! திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்புவதற்குக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்படி குற்றம்.

5. கன்ட்ரோலரைக் கையோடு எடுத்துப் போங்கள். கடையிலேயே ஒரு மணி நேரம் பாட்டு ஓட்டிப் பாருங்கள். எல்லா யு.எஸ்.பி. போர்ட்டிலும் சொருகி, கேபிளை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஓட்டவிடாத கடைக்காரரிடம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

வாங்கிய பிறகு அந்த லேப்டாப்பில் டிஜே வேலை தவிர வேறு எதுவும் கூடாது. கேம் கூடாது, டோரண்ட் கூடாது, தங்கச்சி ஆன்லைன் ஃபார்ம் நிரப்புவதும் கூடாது. ப்ரோகிராமுக்கு முன்னால் அப்டேட் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மேடையில் வைஃபையை ஆஃப் செய்துவிட வேண்டும். மெஷினின் நம்பகத்தன்மையில் பாதி கம்பெனிக்காரன் கொடுப்பது, மீதிப் பாதி இந்த மாதிரிப் பழக்கம் கொடுப்பது.

மிச்சமான பணம்

ஒலி மாசு விதிகள் 2000-ன்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. சாயங்காலம் ஏழு மணிக்கு ரிசப்ஷன் ஆரம்பித்து, சொந்தக்காரர்கள் மொய் வைத்து, போட்டோ எடுத்து முடிக்கவே எட்டரை ஆகிவிடும். ஆட்டம் சூடு பிடித்து ஓடுவது ஒரு ஒன்றரை மணி நேரம்தான். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் காசு. அதில் பத்து நிமிஷம் மெஷின் நின்றால், போனது போனதுதான். பத்து மணிக்கு மேல் ஈடுகட்ட முடியாது. அந்தக் குடும்பத்துக்கு அந்தக் கல்யாணம் மறுபடி வரப்போவதில்லை. டிஜேவுக்கு அந்த மண்டபத்தில் அடுத்த புக்கிங்கும் வராது. சின்ன ஊரில் பேர் கெட ஒரு ராத்திரி போதும்.

இந்த இடத்தில் பழைய மைக்செட்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. குழாய் ஸ்பீக்கரும் சீரியல் செட்டும் கட்டிய காலத்தில், விவரமான மைக்செட்காரர் ஒரே ஒரு ஆம்ப்ளிஃபயரை நம்பி வெளியூர்த் திருவிழாவுக்கு வண்டி ஏற்றமாட்டார். பெட்டிக்குள் இன்னொன்று இருக்கும். ஃபியூஸ் இருக்கும், வயர் இருக்கும், டெஸ்டர் இருக்கும். இன்றைய டிஜே பையனிடம் எழுபத்தைந்தாயிரம் ரூபாய் மெஷின் ஒன்று இருக்கும், அதற்கு மாற்று ஒன்றுமே இருக்காது.

பழைய லேப்டாப் வாங்கினால் அந்த மாற்றுக்குப் பணம் மிச்சமாகிறது. முதல் மாற்றுக்குச் செலவே இல்லை. போனில் ஒரு மணி நேர மிக்ஸை டவுன்லோடு செய்து, மிக்சரின் இன்னொரு சேனலில் எப்போதும் சொருகியே வைத்திருக்க வேண்டும். லேப்டாப் படுத்தால் ஒரு ஃபேடரை ஏற்றினால் போதும், பாட்டு நிற்காது. பாட்டு எல்லாவற்றையும் இன்னொரு எஸ்.எஸ்.டி.யில் காப்பி வைக்க வேண்டும். கூடுதலாக ஒரு யு.எஸ்.பி. கேபிள், ஒரு சார்ஜர். தொழில் கொஞ்சம் நிலைத்ததும் அதே மாடலில் இன்னொரு பழைய லேப்டாப். ஒரே மாடல் ரெண்டு இருந்தால் சார்ஜர், பேட்டரி, எஸ்.எஸ்.டி. எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் கடனில் வாங்கிய ஒற்றைக் கேமிங் லேப்டாப்பை விட இது குறைவாகத்தான் வரும். ஒன்று போனால் இன்னொன்று என்ற தைரியத்தை எந்த ஒற்றை மெஷினும் எந்த விலைக்கும் தராது.

மாவட்டத்தில் இருந்து இந்த வயசில் ஒரு பையன் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏறாமல், சொந்த ஊரிலேயே தனக்குப் பிடித்த வேலையைச் செய்து நாலு காசு பார்க்க முடிகிற தொழில்கள் குறைவு. டிஜே அதில் ஒன்று. அந்தத் தொழிலைக் கடனில் ஆரம்பித்து, ஆடி மாச இஎம்ஐ கட்ட முடியாமல், கடைசியில் லேப்டாப்பையும் விற்றுவிட்டு அதே பஸ்ஸில் ஏறுவது பரிதாபம். லேப்டாப் வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒரு பேப்பரில் ரெண்டு எண்ணை எழுதிப் பாருங்கள். ஒன்று, ஒரு ப்ரோகிராமுக்கு அந்த மெஷின் எத்தனை ரூபாய் தின்னும் என்பது. இன்னொன்று, அது நடுவில் நின்றால் பாட்டு மறுபடி கேட்க எத்தனை செகண்ட் ஆகும் என்பது. ரெண்டும் எந்த மெஷினில் குறைவாக வருகிறதோ அதை வாங்குங்கள். கீபோர்டில் லைட் எரியாவிட்டால் பரவாயில்லை, மேடையில்தான் அவ்வளவு லைட் போட்டிருக்கிறார்களே!